டீ சக்கையும் டீ பேக்கும்: தோட்டத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் சில அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். அடுப்படியில் தினமும் டீ சக்கை சேர்கிறது, அறைகளிலிருந்து டீ பேக்குகள் வேறு. தேதி முடிந்த டீத்தூள் பாக்கெட்டுகளும் கிடக்கின்றன. சக்கையை ரோஜாத் தொட்டிகளில் கொட்டினால் எறும்பும் வெள்ளைப் பூஞ்சையும் வருகின்றன. என்ன செய்வது?

பதில்: எறும்பு வருவது தேயிலைக்காக இல்லை, சர்க்கரைக்காக. நம் ஊரில் பாலும் சர்க்கரையும் தூளோடு சேர்ந்தே கொதிப்பதால் சக்கையில் இரண்டும் ஊறிக் கிடக்கும், நாற்றத்துக்கும் அந்தப் பால்தான் காரணம். வடிகட்டியில் இருக்கும்போதே குழாயடியில் பிடித்து நன்றாக அலசிவிடுங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

அலசினாலும் தொட்டியில் நேராகக் கொட்ட வேண்டாம். கனமாகப் போட்ட சக்கை காய்ந்ததும் அடைபோல இறுகி, ஊற்றுகிற தண்ணீரை உள்ளே விடாது. பூஞ்சை செடியைக் கொல்லாது, சக்கையை மக்க வைக்கும் வேலையைத்தான் அது செய்கிறது. ஆனால் அந்த வேலை உரக்குழியில் நடக்கட்டும்.

உலர்ந்த தேயிலையின் எடையில் சுமார் 4 சதவீதம் நைட்ரஜன். காய்ச்சிய பிறகும் அதில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது, ஆனால் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருப்பதால் மெதுவாகத்தான் வெளியே வரும். அதனால் மக்கவைத்துப் போடுவதே நல்லது. சக்கை, காய்கறித் தோல் போன்ற ஈரக் குப்பை ஒரு பங்கு என்றால் சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, தேங்காய் நார் எல்லாம் சேர்த்து மூன்று பங்கு போடுங்கள். கொஞ்சம் சாணிக் கரைசல் தெளித்தால் சீக்கிரம் சூடு பிடிக்கும். சித்திரை வெயிலில் உங்கள் பக்கத்துக் குவியல் ஒரே மதியத்தில் காய்ந்து மக்குவதையே நிறுத்திவிடும் என்பதால் பின்கட்டில் நிழலான மூலையாகப் பாருங்கள். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசனையோடு உதிரியாகிவிடும்.

தேதி முடிந்த தூளில் கஃபீன் அப்படியே இருக்கிறது. அது விதை முளைப்பதையும் இளங்கன்றின் வேரையும் தடுக்கக்கூடியது. நாற்றங்கால் பக்கமே கொண்டுபோகாமல், நனைத்துக் கைப்பிடி கைப்பிடியாக உரக்குழியில் கலந்துவிடுங்கள்.

இனி டீ பேக். வம்பு இங்கேதான். பிரமிடு வடிவத்தில் பளபளவென்று வலைபோல வருபவை பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். சாதாரணக் காகிதப் பையிலும் ஓரம் சூட்டில் ஒட்டுவதற்காகப் பாலிபுரொப்பிலீன் இழை கலப்பது உண்டு. காகிதம் மக்கிப்போகும், இழை சிலந்தி வலைபோல மண்ணில் கிடக்கும். சோளமாவிலிருந்து செய்தது, மக்கும் என்று அச்சடித்த பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக் பைக்குத் தொழிற்சாலை உரக்கிடங்கின் 60 டிகிரி அளவிலான சூடு தொடர்ந்து வேண்டும், வீட்டுக் குவியல் அந்தச் சூட்டில் வாரக்கணக்கில் நிற்காது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் டீ பேக் ஒன்றிலிருந்தே கோப்பைக்குள் கோடிக்கணக்கான நுண்துகள்கள் இறங்குவதாக 2019-ல் எழுதினார்கள். அந்த எண்ணிக்கையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, ஆனால் மண்ணுக்குள் பிளாஸ்டிக்கைப் புதைக்க வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமான பையைக் காலி செய்து, காயவைத்து, வெளியில் வைத்து ஒரு ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள். வெறும் காகிதம் என்றால் சாம்பலாகும், பிளாஸ்டிக் கலந்திருந்தால் சுருங்கி உருகிக் கெட்டியான முத்தாக நிற்கும். அவ்வளவு மெனக்கெட நேரமில்லையா, சரி, எல்லாப் பையையும் கிழித்துத் தூளை மட்டும் உரக்குழியில் போட்டு, பை, ஸ்டேப்பிள் பின், வழவழப்பான அட்டை மூன்றையும் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். பருத்தி நூல் இருந்தால் இருக்கட்டும். அடுத்தமுறை அறைகளில் டீத்தூள் டப்பாவும் சின்ன எவர்சில்வர் வடிகட்டியும் வைத்துப் பாருங்கள், செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் டீ பேக் இல்லையே என்று வருத்தப்பட மாட்டார்கள்.

உரம் தயாரானதும் ரோஜாவுக்குத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும், தண்டை ஒட்டாமல் ஓரமாக மண்ணைக் கிளறிப் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.