பெர்டன் ஷார்ப்ஸ் ரைஃபிள் வாங்க வீட்டின் மேல் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வயது 47, பென்சில்வேனியாவில் ஐடி வேலை, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைப் பார்த்ததிலிருந்து பழைய ராணுவத் துப்பாக்கிகள் மேல் பெரிய ஆசை. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் உட்பட சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன், எல்லாம் சேர்த்து 9,000 டாலர் பெறும். அடுத்த மாதம் ஓர் ஏலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து பெர்டன் ஷார்ப்ஸ் ரைஃபிள் வருகிறது, 24,000 டாலர் வரை போகலாம் என்கிறார்கள். சேமிப்பு 41,000, குடும்பச் செலவு மாதம் 7,500, மகள் இரண்டு வருஷத்தில் கல்லூரிக்குப் போகிறாள். ஹோம் ஈக்விட்டி கடன் எடுத்து வாங்கலாமா? இதுவும் முதலீடுதானே என்று நான் சொன்னால் மனைவி ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.

பதில்: வாங்குங்கள், ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், கடனில் வேண்டவே வேண்டாம். முதலீடு என்ற விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

கணக்கைப் பார்ப்போம். ஏலம் 24,000-இல் முடிந்து சுத்தியல் விழுந்தால் நீங்கள் கொடுப்பது 24,000 அல்ல. வாங்குபவர் கமிஷன் என்று ஏல நிறுவனம் மேலே ஒரு சதவீதம் போடும், 20 என்று வைத்தால் 28,800 ஆகிவிடும், வரியும் அனுப்பும் செலவும் தனி. பிறகு நீங்கள் விற்கப் போகும்போது விற்பவர் கமிஷன் இருக்கிறது, அது 15 சதவீதம் என்றால், போட்ட காசு திரும்பி வரவே சுத்தியல் விலை ஏறக்குறைய 33,900-ஐத் தொட வேண்டும். அதாவது 41 சதவீத ஏற்றம், லாபம் ஒரு பைசா இல்லாமல். வருஷம் 5 சதவீதம் விலை ஏறினாலும் ஏழு வருஷம் ஆகும். அப்படியே லாபம் வந்தாலும், பங்குகளின் நீண்டகால லாபத்துக்குப் பெரும்பாலானவர்கள் கட்டும் மத்திய வரி 15 சதவீதத்தைத் தாண்டாது, சேகரிப்புப் பொருளுக்கு அந்த வரி 28 சதவீதம் வரை போகும். கடன் எடுத்தால் இன்னும் மோசம்: 28,800 டாலரை 8 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் அடைத்தால் மாதம் 584 டாலர், வட்டி மட்டும் 6,200-க்கு மேல், அதற்கு ஈடு நீங்கள் குடியிருக்கும் வீடு. ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யிலிருந்து கடன் எடுக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள், இடையில் வேலை போனால் மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரலாம், கட்டாவிட்டால் அது எடுத்த பணமாகவே கருதப்பட்டு வரியும் 59½ வயதுக்கு முன்பென்றால் பொதுவாக 10 சதவீத அபராதமும் சேரும். சேமிப்பிலிருந்து எடுத்தாலோ மிஞ்சுவது 12,200, இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணாது.

இனி துப்பாக்கிக்கு வருவோம், ஏனென்றால் பணம் தொலைவது இங்கேதான் அதிகம். ஹிராம் பெர்டன் திரட்டிய குறிசுடும் படைக்காக ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஷார்ப்ஸ் கம்பெனி 1862-இல் கொடுத்தவை சுமார் 2,000 தான், இரட்டை செட் டிரிகர் வைத்தவை, அதாவது ஒரு டிரிகரை இழுத்துத் தயார்படுத்தினால் மற்றது லேசாக அழுத்தினாலே சுடும். அதே கம்பெனியின் சாதாரண 1859 மாடல் ரைஃபிள் இதைவிடப் பலமடங்கு மலிவு. அதனால் சாதாரண ரைஃபிளில் இரட்டை டிரிகரை மாட்டி பெர்டன் என்று விற்கும் வேலை நடக்கிறது. சீரியல் எண் 54,000 முதல் 58,000 வரைக்குள் வருகிறதா, துப்பாக்கியின் மரக்கட்டையில் அரசு ஆய்வாளர் ஜான் டெய்லரின் ஆய்வு முத்திரையான ஜே.டி. எழுத்துகள் தேய்க்கப்படாமல் இருக்கின்றனவா, அந்த எண்ணுக்கு அரசுப் பதிவுகளில் ஏதாவது தடயம் உண்டா என்று விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு நிபுணரைக் கொண்டு பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு டாலரை வீண் என்று நினைக்காதீர்கள். கட்டையை யாரோ மணல்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தால், இரும்புக்குப் புதுக் கறுப்பு ஏற்றியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை பாதியாகிவிடும். வாங்கிய பிறகு நீங்களும் பாலிஷ் போடக் கூடாது.

சட்டம் பற்றி, இதே ஆசையுள்ள மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதை அமெரிக்க மத்தியச் சட்டம் புராதனத் துப்பாக்கி என்று தனியாக வைக்கிறது, இந்த ஷார்ப்ஸ் அதில் அடங்கும். ஆனால் அதற்குப் பின் செய்யப்பட்ட உங்கள் த்ரீ நாட் த்ரீ அடங்காது. ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த மாதிரித் துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியக் குற்றம், நண்பர் பரிசாகக் கொடுத்தாலும்தான். மாநிலச் சட்டங்கள் வேறு வேறு, அதையும் பாருங்கள். நாளைக்கு ஊரோடு போய்விடலாம் என்ற எண்ணம் இருந்தால், சாமானோடு சாமானாக இந்தியாவுக்குக் கொண்டுபோகும் பொருளும் இது இல்லை.

சரி, எப்படித்தான் வாங்குவது? கையில் இருப்பவற்றை விற்றுவிடுங்கள். பத்துச் சாதாரணத் துப்பாக்கியைவிட ஒரு நல்ல துப்பாக்கி மேல் என்று அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் சொல்வார்கள், விற்கும்போதும் அதுதான் சுலபமாகப் போகும். 9,000 அதில் வந்தால் மீதி 19,800, மாதம் 1,650 ஒதுக்கினால் ஒரு வருஷம். மகளின் கல்லூரிச் செலவுக்கான 529 சேமிப்புக் கணக்குக்குப் போகும் பணத்தைக் குறைக்காமல் இந்த 1,650 வருமா என்பதுதான் கேள்வி. வராது என்றால் இரண்டு வருஷம் ஆகட்டும். இந்த ஏலத்தை விட்டால் போச்சு என்று தோன்றும், ஆனால் ஒரு தலைமுறைச் சேகரிப்பாளர்களுக்கு வயதாகிவிட்டது, அவர்கள் வைத்திருந்தவை தொடர்ந்து ஏலத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

வாங்கிய அன்றே இன்சூரன்ஸைப் பாருங்கள். பல வீட்டுப் பாலிசிகளில் துப்பாக்கி திருட்டுக்கு 2,500 டாலர்தான் உச்சவரம்பு, எனவே இதைத் தனியாகப் பட்டியலிட்டு, நீங்களும் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அப்புறம் ஒரு தாளில் இது என்ன, என்ன விலைக்கு வாங்கியது, நிபுணர் கடிதம் எங்கே இருக்கிறது, விற்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி மனைவியிடம் கொடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகி, வாசலுக்கு வரும் முதல் வியாபாரி 3,000 டாலரை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல உங்கள் மனைவிக்கு அந்தத் தாள் வேண்டும்.