நல்ல கையை ஏன் வெட்ட வேண்டும்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 63. தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடுவார். இப்போது இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கட்டியை எடுத்தபின் இடக்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து வாய்க்குள் வைக்கப் போகிறார்களாம். அப்படியே தைத்து மூடினால் போதாதா? நல்ல கையை ஏன் வெட்ட வேண்டும் என்று அம்மா அழுகிறார்.

பதில்: சகோதரி, அம்மாவின் அச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கைத்தோல் வெறும் காயத்தை மூடுவதற்காக அன்று. அவர் மறுபடியும் வாய் திறந்து சாப்பிடுவதற்காகவே எடுக்கப்படுகிறது.

கட்டியைச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்தே அகற்ற வேண்டியிருப்பதால், வெளியே சிறிதாகத் தெரிந்த புண் உள்ளே பெரிய பள்ளமாகிவிடும். அதன் விளிம்புகளை இழுத்துத் தைத்தாலும் காயம் ஆறும். ஆனால் ஆறிய தழும்பு சுருங்கும், பின்னர் கதிர்வீச்சும் கொடுத்தால் மேலும் இறுகும். ஒரு கரண்டி சோறு நுழையாத அளவுக்கு வாய் பூட்டிக்கொண்ட நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சரிசெய்வது முதலிலேயே தடுப்பதைவிட மிகவும் கடினம்.

கையிலிருந்து எடுக்கும் இந்தத் தோலையும் சதையையும் மருத்துவர்கள் ‘ஃபிளாப்’ என்பார்கள்; இது சாதாரணத் தோல் ஒட்டு அன்று. தனக்குரிய தமனியையும் சிரைகளையும் உடன் கொண்டுவரும் உயிருள்ள திசு அது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த இரத்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு, நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் இணைப்பார்கள். அறுவை சிகிச்சை எட்டு மணி நேரத்தையும் தாண்டுவது இதனால்தான். முன்கைத் தோல் மெல்லியது, மடங்கிக் கொடுப்பது என்பதால், சீன மருத்துவர்கள் 1981-இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் கன்னத்துக்கு நன்கு பொருந்துகிறது.

கை பாழாகுமா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அம்மாவைக் கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரு தமனிகளையும் மருத்துவர் அழுத்திப் பிடிப்பார். விரித்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விட்டதும் சில நொடிகளில் சிவப்பு பரவினால், மற்றதை எடுத்தாலும் கைக்கு இரத்தம் போதும் என்று பொருள். பரவாவிட்டால் தொடையிலிருந்து எடுப்பார்கள். முன்கையில் பள்ளமான தழும்பு நிலைக்கும், கட்டைவிரலின் புறப்பகுதி சற்று மரத்துப் போகலாம். இவற்றை அம்மாவிடம் மறைக்காதீர்கள். ஆனால் சமைக்கவும் துணி மடிக்கவும் தேவையான வலிமை பெரும்பாலும் திரும்பிவிடும். ஒன்றை மட்டும் நீங்களே கவனியுங்கள்: அறுவைக்கு முன் அந்தக் கையில் ஊசியோ டிரிப்போ போட விடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் முக்கியமானவை. தாதியர் மணிக்கொரு முறை ஃபிளாப்பை விரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அது வெளுத்தால் இரத்தம் உள்ளே வரவில்லை, நீலம் பாரித்தால் வெளியேறவில்லை. இரண்டிலும் உடனே மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கலாம். மூச்சுக்காகக் கழுத்தில் தற்காலிகத் துளையும், உணவுக்காக மூக்கில் குழாயும் இருக்கக்கூடும். பேச முடியாமல் அம்மா தவிப்பார். ஒரு சிறு பலகையும் பேனாவும் கொண்டு செல்லுங்கள். பாசத்தால் ஒரு மடக்கு மைலோகூட, விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதி தரும்வரை, வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம்.

கதிர்வீச்சு தேவைப்பட்டால் அறுவைக்குப்பின் ஆறு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து வாய் திறக்கும் பயிற்சியை அன்றாடம் செய்ய வைக்க வேண்டும். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் இதைக் கைவிட்டால் வாய் மறுபடியும் இறுகும்.

புகையிலையை விட்டால் போதும், பாக்கு போடலாம் என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். பாக்கு மரத்தின் மலாய்ப் பெயரையே தாங்கிய இந்தப் பினாங்குத் தீவிலும் நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. வலது கன்னமும் அத்தனை ஆண்டுகள் அதே சாற்றில் ஊறியதுதான்; ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் அதையும் பார்க்கும்படி கேளுங்கள்.