மஞ்சள் ரோஜா வேண்டாம்

1885 லண்டனில் நடக்கும் உங்கள் கதையில், நாயகன் நட்புக்காக மஞ்சள் ரோஜா தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்றைக்குச் சரி, அன்றைக்கு வம்பு. 1884இல் ஓவியர் கேட் கிரீனவேயின் படங்களோடு வந்த, எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று சொல்லும் மலர்மொழி அகராதியில் அதற்குப் பொருள் 'காதல் குறைதல், பொறாமை'. ஓக் இலை ஜெரானியம் கொடுக்கட்டும். 'உண்மை நட்பு' என்றே போட்டிருக்கிறது. கதையில் லாவெண்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது அவநம்பிக்கை! (நமக்கு அது வெறும் சோப்பு வாசனை.)

அப்புறம், இந்தப் பொருள்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஐவி கொடி சிலவற்றில் நட்பு. கிரீனவேயில் விசுவாசம், திருமணம். நாயகன் நட்பென்று ஐவி கொடுக்க, வாங்குகிறவள் கல்யாணம் என்று எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு அத்தியாயமே கிடைக்கும்.