மூலமா, குடலா? முதலில் பார்த்துவிடுங்கள்

கேள்வி: நான் ஆண், வயது 52. மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று தொட்டாற்சிணுங்கி இலையை அரைத்துப் பாலில் குடிக்கிறேன். இடையில் நின்ற ரத்தம் மறுபடியும் வருகிறது. இந்த இலை முடியைக் கொட்டவைக்கும் என்று இணையத்தில் படித்தேன். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதின் கோளாறுதானே? என் அண்ணன் குடல் நோயில் இறந்தார்.

பதில்: முடியை விடுங்கள். தொட்டாற்சிணுங்கியில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது, சவுண்டல் தழையில் இருப்பதும் அதுதான். அதை ஏராளமாக மேய்ந்த கால்நடைகளுக்கு உரோமம் உதிர்வது உண்மை. ஒரு பிடி இலையில் உங்களுக்கு வழுக்கை விழாது.

மூலத்தில் ரத்தம் தானாக வரும், தானாக நிற்கும். நின்ற வாரத்தில் எதைக் குடித்தீர்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் விட்டுவிட்டு ரத்தம் காட்டும். அந்தச் சொல்லை நீங்கள் எழுதவில்லை. அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது.

என்னை உறுத்துவது அந்த மூச்சுவாங்கல்தான். மாடி ஏறத் திணறுவதற்கு 52 ஒரு வயதா? ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. மாதவிலக்கு இல்லாத ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து வற்றினால், குடலில் எங்கோ கசிகிறது என்றுதான் நாங்கள் சந்தேகிப்போம். மூலத்தின்மீது பழி போடுவது அதற்குப் பிறகு.

ஆகவே இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்து, குடல் மருத்துவரைப் பாருங்கள். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார். ஒரு நிமிட வேலை, கூச்சப்படாதீர்கள். மூலம் இருப்பது தெரிந்தாலும், ‘அவ்வளவுதான்’ என்று திரும்பி வந்துவிடாமல் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் சிறு சதை வளர்ச்சிகளைப் பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே அகற்றிவிட முடியும்.

இலையை நிறுத்துங்கள், குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நீங்களாக இரும்பு டானிக் வாங்கிக் குடிக்க வேண்டாம். மலம் கறுத்துப்போய்க் குழப்பம்தான் கூடும். டானிக் குடிக்காமலே மலம் தார்போலக் கறுத்தாலோ, தலை சுற்றினாலோ, ரத்தம் கொட்டினாலோ வாரக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அண்ணனுக்கு எந்த வயதில், குடலின் எந்த இடத்தில் நோய் கண்டார்கள் என்று அண்ணியிடம் கேளுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது புற்றுநோய்தான் என்றால், 40 வயதைத் தாண்டிய உங்கள் மற்ற உடன்பிறப்புகளும், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.