தலையில் அடிபட்டவரின் ஒரு கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகுமா, இல்லை நடிப்பா?

நடிப்பு இல்லைங்க. உங்கள் வீட்டிலும் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் போல, எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்குச் சேலத்தில் கொலுசுப் பட்டறை வேலை. ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் குரங்கு குறுக்கே வந்து, பிரேக் பிடித்து விழுந்துவிட்டான். ஹெல்மெட் தலையில் இல்லை, கையில் மாட்டியிருந்தது. சி.டி. ஸ்கேன் நார்மல் என்று இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், வலது கை சட்டைப் பித்தானைப் போடப் போட இடது கை பின்னாலேயே கழற்றிக்கொண்டு வருகிறது. அவனே மிரண்டுபோய் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மந்திரிக்கக் கூட்டிப் போனார். பெரியப்பா, "வேலைக்குப் போகாமல் இருக்க வேஷம் போடுகிறான்" என்றார்.

அப்புறம் பார்த்த நரம்பியல் டாக்டர், அவன் கண்ணை மூடச் சொல்லி இடது உள்ளங்கையில் ஒரு கொலுசுத் திருகாணியை வைத்தார். விரல்கள் அதை அழகாக உருட்டிப் பார்த்தன, பேர் மட்டும் வாயில் வரவில்லை. வலது கைக்கு மாற்றியதும் "திருகாணி" என்றான். 12 வருடமாகத் தினமும் தொட்ட பொருள்.

இடது கையை நடத்துவது வலது மூளை, அது தொடுவதும் அங்கேதான் போகிறது, பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில். நடுவில் கார்பஸ் கலோசம் என்று சுமார் 20 கோடி நரம்பிழைகளாலான பாலம் இருக்கிறது. அடிபடும்போது தலை வெடுக்கென்று திரும்பினால் அந்த இழைகள் இழுபட்டு அறுந்துவிடலாம், அப்புறம் ஒரு பக்க மூளைக்குத் தெரிவது மறுபக்கத்துக்குப் போகாமல் இரண்டு கையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அறுந்தது பல நேரம் சி.டி.யில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் எங்களுக்கும் தெரிந்தது. வலிப்புக்காக இந்தப் பாலத்தை வெட்டிக்கொண்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981லேயே நோபல் கொடுத்துவிட்டார்கள், ஆகவே யாரும் என்னிடம் கட்டுக்கதை என்று வர வேண்டாம். நான் டாக்டர் இல்லை, தலையில் அடிபட்ட எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றும் சொல்லவில்லை.

ஏற்காட்டுக்கு வருபவர்களே, வளைவில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். அது ரோட்டுக்கு வரப் பழகியதே உங்களால்தான்.

தம்பிக்குப் பித்தான் தொல்லை குறைந்திருக்கிறது, இடது கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் பரவாயில்லை. பட்டறையில் பொடி வைத்து ஊதி வெள்ளியைப் பற்றவைக்கும் வேலைக்கு இன்னும் போகவில்லை, அதற்கு இரண்டு கையும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் ஆளை எம்.ஆர்.ஐ.க்குக் கூட்டிப் போங்கள், பித்தான், சாப்பாடு, சீப்பு என்று வீட்டில் பார்த்ததை ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.