ப்ளூ ஸ்கிரீன் தினம் ஒரு டிரைவர் பெயரைச் சொல்கிறதா? டிரைவரை விடுங்கள், ரேமைப் பாருங்கள்

திருப்பூரில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். போன மாதம் இடி மழையில் அவருடைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) புகைந்துவிட்டது. புதிதாக ஒன்று மாட்டினார்கள், ஓடியது. இரண்டு நாளில் ப்ளூ ஸ்கிரீன் ஆரம்பித்தது, அதாவது விண்டோஸ் பிழை காட்டி நீலத் திரையோடு நின்றுபோவது. ஒரு நாள் என்விடியா டிரைவர் பெயர் வந்தது, மறுநாள் நெட்வொர்க் டிரைவர், அதற்கடுத்த நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று மட்டும். சர்வீஸ் செய்பவர் இரண்டு முறை ஃபார்மட் பண்ணி, கிராபிக்ஸ் டிரைவரில் மூன்று வெர்ஷன் மாற்றிப் பார்த்துவிட்டு, “கார்டு போச்சுண்ணா, புதுசு வாங்கிடுங்க” என்கிறாராம். 2018-ல் வாங்கிய எட்டாம் தலைமுறை ஐ5, எட்டு எட்டாக 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. எந்த டிரைவர் சரியாக இருக்கும், இல்லை கார்டையே மாற்றிவிடலாமா என்பதுதான் அவர் கேள்வி.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மூன்றாவது முறை ஃபார்மட் பண்ணவும் விடாதீர்கள்.

டிரைவர் என்பதும் ஒரு புரோகிராம்தான், ஒரு பாகத்தோடு விண்டோஸ் பேச உதவுவது. விண்டோஸ் ஏறும்போது அது ரேமுக்குள் வந்து உட்காருகிறது. ரேமில் ஒரு இடம் பழுதாகி, அங்கே எழுதிய 0 திரும்பப் படிக்கும்போது 1 ஆகிவிட்டால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்த டிரைவர் இருந்ததோ அதன் பெயர்தான் திரையில் வரும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே அன்றைக்கு யார் படுத்திருந்தாரோ அவர் நனைகிற மாதிரி. உண்மையிலேயே டிரைவர் கெட்டுப்போனால் கதை வேறு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. அத்தனையிலும் அதே நிறுவனத்தின் அதே டிரைவர்தான் சிக்கியது. உங்களுக்கு ஒரே வாரத்தில் மூன்று பெயர் வருகிறது, அதுவும் இரண்டு முறை புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும். இது சாஃப்ட்வேர் கோளாறின் நடத்தை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கிராஷ் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஹார்டுவேரால் ஒருமுறை கிராஷ் ஆன கம்ப்யூட்டர் மறுபடியும் அதே மாதிரி கிராஷ் ஆகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது அதில் தெளிவாக வந்தது. அதனால் ‘ரெண்டு நாளா சும்மாதானே ஓடுது’ என்று விட்டுவிட வேண்டாம்.

முதல் வேலை உங்கள் ஃபைல்கள். கஸ்டமர்களின் டிசைன், போட்டோ, பில் எல்லாவற்றையும் காப்பி எடுங்கள், ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்து எடுக்காதீர்கள். ரேம் கெட்டிருந்தால் காப்பியாகும் ஃபைலும் அந்த ரேம் வழியாகத்தான் போகிறது, எந்த எரரும் காட்டாமலே கெட்டுப்போய்ச் சேரும், திறக்கும்போதுதான் தெரியும். டிஸ்கைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள். ஏற்கெனவே பழைய பேக்கப் இருந்தால் அதன்மேல் எழுதாமல் தனியாக வையுங்கள். டிஸ்க் பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால், கழற்றுவதற்கும் பயோஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) கை வைப்பதற்கும் முன்னால் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘சிஸ்டம்’ பகுதியைப் பாருங்கள். ‘கர்னல் பவர் 41’ என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தமில்லை. அதன் விவரத்துக்குள் ‘பக்செக் கோடு’ என்று ஒரு எண் இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். அது 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதாவது கரண்ட் சட்டென்று போயிருக்கலாம் அல்லது மொத்தமாக உறைந்திருக்கலாம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு பக்கம் சந்தேகம் போகும். வேறு எண் இருந்தால் விண்டோஸே கவனித்து நிறுத்தியிருக்கிறது. பக்கத்திலேயே ‘வீயா லாகர் 18’ என்ற வரியும் இருந்தால் பழுது ஹார்டுவேரில் என்று பிராசஸரே புகார் கொடுத்திருக்கிறது, அப்போது டிரைவர் பேச்சே வேண்டாம்.

சரி, ரேமுக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இங்கேதான். விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெமரி டெஸ்ட் இருக்கிறது. அது எரர் காட்டினால் நம்பலாம், ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் இரண்டில் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, கடை மூடும்போது ஓட விட்டுப் போங்கள். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, முதலாவதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும், உங்களுக்கு அது போதும். பூட் ஆகாவிட்டால் பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்திப் பாருங்கள், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

காலையில் ஒரே ஒரு எரர் இருந்தாலும் தோல்விதான். ‘ரெண்டு மூணுதானே’ என்ற கணக்கு ரேமுக்குக் கிடையாது. எரர் வந்தால் ஒரு ரேமைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டுங்கள், பிறகு மாற்றி வைத்து ஓட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட ரேம் எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் எரர் தந்தால் அந்த ரேம் போய்விட்டது. இரண்டு ரேமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் எரர் தந்தால் ஸ்லாட்டில்தான் கோளாறு, அதாவது மதர்போர்டு. கழற்றும்போது தங்க நிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள், எஸ்எம்பிஎஸ் மாற்றிய கையோடு ரேம் சற்று நகர்ந்து, மறுபடி அழுத்தி மாட்டியதும் சரியான கம்ப்யூட்டர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பல கம்பெனிகள் ரேமுக்கு லைஃப்டைம் வாரன்ட்டி தருகின்றன, அதனால் தூக்கிப் போடும் முன் ஸ்டிக்கரைப் பார்த்துக் கேளுங்கள், மின்னலால் வந்த சேதம் என்று தெரிந்தால் மறுக்கவும் செய்வார்கள்.

ரேம் சுத்தமாக இருந்தால் அடுத்து அந்தப் புது எஸ்எம்பிஎஸ். புதிது என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது, 450 வாட் என்று ஸ்டிக்கரில் இருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கார்டு சுமார் 75 வாட் இழுக்கும், பெரும்பாலான 1050 டிஐ மாடல்களில் தனி ஒயர் கிடையாது, மொத்தமும் மதர்போர்டு ஸ்லாட் வழியாகத்தான் வரும். 12 வோல்ட் தளர்ந்தால் கார்டு தடுமாறும். 2 விநாடிக்குள் கார்டு பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யப் பார்க்கும், முடியாமல் போனால் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று நிற்கும், பழி என்விடியா டிரைவர் மேல் விழும். பெரிய ஃபைல் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

கார்டைச் சோதிக்கக் காசே தேவையில்லை. உங்கள் ஐ5-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டு போர்ட்டில் செருகி ஒரு வாரம் வேலை செய்யுங்கள், பத்திரிகை டிசைனுக்கு அது தாராளமாகப் போதும். அப்போதும் விழுந்தால் கார்டு நிரபராதி. ஒருமுறைகூட விழாவிட்டால் அப்போது கார்டைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்த பிறகு.

நெட்வொர்க் டிரைவர் பெயர் வந்ததையும் நான் மறக்கவில்லை. மின்னல் லேன் கேபிள் வழியாகவும் ஏறும். டிவைஸ் மேனேஜரில் லேனுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்து, உள்ளே கோடு 10 அல்லது 43 என்றால், பயோஸில் ஆன்போர்டு லேனை நிறுத்திவிட்டு யுஎஸ்பி வைஃபை போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கைச் சோதிக்க, அதன் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராம் போதும். ‘பெண்டிங் செக்டர்’ (படிக்க முடியாமல் திணறும் இடங்கள்) ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றுங்கள், ‘சிஆர்சி எரர்’ மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான்.

டிரைவர் வேலை இத்தனைக்கும் அப்புறம்தான். பழுதான பாகம் மாறி, மெம்டெஸ்ட் சுத்தமாக வந்த பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள், ஏனென்றால் இப்போது இருப்பது கெட்ட ரேம் வழியாகப் போட்டதாக இருக்கலாம். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவர், பிறகு லேன், கடைசியாக என்விடியா தளத்திலிருந்து கார்டு டிரைவர். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்’ என்று வரும் புரோகிராம்கள் வேண்டவே வேண்டாம். போட்டு முடித்ததும் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் கொடுக்கும்போது கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்துவரும்.

கம்ப்யூட்டர் தயாரானதும், அடுத்த இடிக்கு முன்னால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கடையின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.