வரி இடைவெளி, எழுத்தின் தடிப்பு போன்ற சின்னச் சின்ன விடயங்களுக்காக ஓர் இணையத்தள வடிவமைப்பாளர் நாட்கணக்கில் மினக்கெட வேண்டுமா?

வாடிக்கையாளர் எவரும் இவற்றைக் கவனிப்பதில்லை என்றும், தளம் இயங்கினால் போதும் என்று உங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் சொல்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு பக்கத்தில் தமிழை ஏற்றும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன், ஏனெனில் எனக்கு நேர்ந்ததும் அதுதான். மினக்கெட வேண்டும், தமிழ்ப் பக்கமென்றால் கட்டாயம் மினக்கெட வேண்டும்.

நான் திருகோணமலையில் இருந்து இந்தத் தொழிலைச் செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உப்புவெளிக் கடற்கரையோர விருந்தினர் விடுதி ஒன்றுக்கு ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் தளம் செய்துகொடுத்தேன். விலைக்கு வாங்கிய ஆயத்த வார்ப்புரு ஒன்றின் மீதுதான் வேலை. அதில் பெரிய தலைப்புகளின் வரி உயரம், அதாவது ஒரு வரிக்கு ஒதுக்கும் இடத்தின் உயரம், எழுத்தளவின் 0.9 மடங்காக இருந்தது. தலைப்பு கீழிருந்து மெல்ல எழுந்து வரும் அசைவுக்காக, பெட்டியைத் தாண்டி நீளும் எதையும் மறைத்துவிடும் கட்டளையும் இடப்பட்டிருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அதனால் ஒரு பழுதும் வராது. நமது எழுத்துக்கோ மேலே புள்ளியும் ‘கி’யில் வரும் வளைவான மேல்விலங்கும் உண்டு, கீழே கீழ்விலங்கும் சுழியும் உண்டு.

அயலில் பார்க்கத்தக்க இடங்களைச் சொல்லும் பக்கத்தில் ‘கன்னியா வெந்நீர்க் கிணறுகள்’ என்று தலைப்பிட்டிருந்தேன். அங்குள்ள ஏழு கிணறுகளையும் பார்க்க வராத சுற்றுலாப் பயணி குறைவு என்பதால் அதுவே முதலில் நின்றது. திரையில் அது ‘கனனியா வெநநீரக கிணறுகள’ என்று ஆகியிருந்தது. புள்ளிகள் ஐந்தும் போய், ‘நீ’யின் மேற்சுழி தட்டையாகி, ‘று’வின் வால் பாதியில் அறுந்திருந்தது. இரண்டு கிழமையாகத் தளம் அப்படியே வெளியில் கிடந்தது. உரிமையாளர் ஆங்கிலப் பக்கத்தை மட்டுமே பார்த்தார்; நானும் என் கணினியில் அசைவு சரியாக வருகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் தமது கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, “தம்பி, இதில குற்று ஒன்றையும் காணேல்லையே” என்று காட்டினார். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு அது எழுத்துப்பிழைதான்.

அதைத் திருத்த இரண்டு முழு நாட்கள் எடுத்தன. தமிழுக்கு மட்டும் வரி உயரத்தை 1.4 ஆக்கியும் ஒன்றும் மாறவில்லை. தேடிப் பார்த்தால், பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று உலாவிக்குச் சொல்லும் மொழி அடையாளம், தமிழ்ப் பக்கங்களிலும் ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதனால் தமிழுக்கென்று எழுதிய விதி தன் பக்கத்தை அடையாளம் காணவே இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அந்த அடையாளத்தைக் கொண்டே எந்த மொழியின் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கிறது என்பதால், அந்த ஒரு சொல்லைத் திருத்தியதில் இரண்டு பயன் கிடைத்தது. அடுத்தது தடித்த எழுத்து. எழுத்துருவின் சாதாரணக் கோப்பு மட்டுமே ஏற்றப்பட்டிருந்ததால், உலாவி தானே எழுத்தை ஊதிப் பெருக்கி, ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருந்த வெளியை அடைத்துவிட்டிருந்தது. தடித்த எழுத்துக்குரிய கோப்பைத் தனியே ஏற்றியதும் சுழிகள் திறந்தன. அறை வாடகை வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. வெள்ளைப் பின்னணியோடு அதன் வேறுபாடு 2.8:1 அளவில்தான் வந்தது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளில் உள்ள அளவு. நண்பகல் வெயிலில் கடற்கரை மணலில் நின்று அந்த விலையை வாசிக்க முயன்று பாருங்கள், அந்த எண் எதற்காக என்று விளங்கும்.

இதை வாசிக்கும் நிரலாளர் சிலர், வேகத்தையும் பாதுகாப்பையும் விட்டுவிட்டுப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று சொல்லக்கூடும். அவை வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அலங்காரத்துக்காக ஒரு நாள் செலவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்தத் தலைப்பு அசைவை நான் முற்றாக எடுத்துவிட்டேன். மேலே சொன்ன அணுகல் நெறிகளின் 2018இல் வெளியான 2.1 ஆம் பதிப்பு, வாசகர் தமது வசதிக்காக வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காகக் கூட்டிக்கொண்டாலும் பக்கத்தில் எதுவும் மறைந்துவிடக் கூடாது என்கிறது. ஆகவே இது என் தனிப்பட்ட பிடிவாதமும் அல்ல.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. “குற்று வைக்க இரண்டு நாளா?” என்று கேட்டு, உரிமையாளர் அந்த இரண்டு நாட்களுக்குரிய கூலியை வெட்டிவிட்டார். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு படம் சற்று விலகி நின்றதற்காக இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தவரும் அவரே. தமிழர் செறிந்து வாழும் ஓர் ஊரில், தமிழ்ப் பக்கம் மும்மொழியும் இருக்கிறது என்று காட்டுவதற்காக மட்டுமே வைக்கப்படுவதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். வார்ப்புரு கைக்கு வந்ததும் அதன் மிகப் பெரிய தலைப்பில் எங்கள் ஊரின் பெயரைப் பழைய வழக்கில் ‘திருக்கோணமலை’ என்று தட்டச்சிடுங்கள். ‘தி’யில் மேல்விலங்கும், ‘ரு’வில் கீழ் வளைவும், ‘க்’கில் புள்ளியும், ‘கோ’வில் இருபுறக் குறிகளும் இருப்பதால், எங்கே வெட்டு விழுந்தாலும் அந்த ஒரு சொல்லே காட்டிவிடும். விலை குறைந்த ஒரு கைத்தொலைபேசியிலும் அதைத் திறந்து பாருங்கள். பிறகு விலைமதிப்பீட்டில் ‘தமிழ் எழுத்தமைப்பு’ என்று தனி வரி எழுதி, அதற்கான மணித்தியாலங்களைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இதுவரை எவரும் அந்த வரியை வெட்டவில்லை.